பறக்கும் ரயில் கைமாறட்டும், ஐந்து ரூபாய் டிக்கெட் மாறக் கூடாது

பறக்கும் ரயிலைச் சென்னை மெட்ரோ நிறுவனத்திடம் ஒப்படைக்க ரயில்வே வாரியம் 2025இல் கொள்கை அளவில் ஒப்புக்கொண்டது. அன்றிலிருந்து குளிர்சாதனப் பெட்டி, தானியங்கிக் கதவு, நிலையங்களுக்குப் புதுப் பொலிவு என்றே பேச்சு ஓடுகிறது. டிக்கெட் விலை பின்வரிசைக்குப் போய்விட்டது.

மயிலாப்பூரில் உள்ள திருமயிலை நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். 1995இல் கடற்கரை–சேப்பாக்கம் என்று தொடங்கிய பாதை 1997இல் மயிலாப்பூர் வந்தது. பிறகு 2004இல் திருவான்மியூர், 2007இல் வேளச்சேரி. பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண்களை இறக்கி, நீரோட்டத்தை ஒடுக்கி எழுப்பிய நிலையங்கள் இவை. அந்தப் பெரிய கூடங்களை ரயில்வே ஒழுங்காகப் பராமரிக்கவே இல்லை. நிர்வாகம் கைமாறுவதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன்.

ஆனால், இந்தக் கணக்கைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து திருமயிலை சுமார் எட்டரை கிலோமீட்டர். பறக்கும் ரயிலில் ஐந்து ரூபாய். மெட்ரோவின் கட்டண வரிசையில் ஐந்து முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வரை முப்பது ரூபாய். ஆறு மடங்கு! மாட வீதியில் பூ விற்க வருகிறவருக்கும், மந்தைவெளியில் வீட்டுவேலைக்கு வருகிறவருக்கும் போக வர அறுபது ரூபாய் என்றால் அன்றைய கூலியில் எவ்வளவு மிஞ்சும்? மெட்ரோவில் இரண்டு கிலோமீட்டர் போகவே பத்து ரூபாய் வேண்டும்.

‘வசதி வேண்டுமென்றால் விலை கொடுக்கத்தான் வேண்டும்’ என்பவர்கள் இந்த ரயிலில் ஏறியே இருக்க மாட்டார்கள். அவர்களுக்குக் காரும் இருக்கிறது, செயலியில் கூப்பிட்டால் ஆட்டோவும் வருகிறது. 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அறிவித்த இதே மாநிலம், தண்டவாளத்தில் மட்டும் லாபக் கணக்குப் பார்ப்பது எந்த நியாயம்?

பயணியின் பொறுமையை ஏற்கெனவே போதுமான அளவு சோதித்தாயிற்று. நான்காவது ரயில் பாதை அமைக்கும் பணிக்காக 2023 ஆகஸ்டில் கடற்கரை–சிந்தாதிரிப்பேட்டை இடையே நின்ற ரயில், பதினான்கு மாதம் கழித்துத்தான் மறுபடி ஓடியது. அந்த இடைவெளியில் விலகிப் போன பயணி எளிதில் திரும்புவதில்லை. இந்த நிலையில் கட்டணமும் ஏறினால், பறக்கும் ரயில் ஓராண்டுக்குள் காலிப் பெட்டிகளோடு ஓடும். ஐந்து ரூபாய் குறைந்தபட்சக் கட்டணம் தொடரும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். எழுதாத ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்திடக் கூடாது.