போனுக்காகக் கழுத்தைக் குனிய வேண்டாம்!

''பகலெல்லாம் களை எடுக்கிறேன். இரவில் படுத்துக்கொண்டு போனில் வீடியோ பார்ப்பேன். ஒரு மாதமாகக் கழுத்து வலி. தைலம் தேய்த்தும் குறையவில்லை. என்ன செய்யலாம்?''
- வாசகி, ஒட்டன்சத்திரம்.

''நம் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் கழுத்தெலும்பு அதை எளிதாகத் தாங்கும். 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் ஏறும் சுமை சுமார் 27 கிலோ என்று, 2014-ம் ஆண்டு அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்கிட்டார். அரை மூட்டை யூரியாவைவிட இது அதிகம்.

களை எடுக்கும்போது உங்கள் கழுத்து பகல் முழுக்கக் குனிந்தே இருக்கிறது. இரவுதான் அதற்கு ஓய்வு. அதையும் போன் பறித்துக்கொள்கிறது.

படுத்தபடி பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, மடியில் தலையணை வைத்து, அதில் முழங்கைகளை ஊன்றி, போனைக் கண்ணுக்கு நேராகப் பிடியுங்கள். பால் கறக்கும்போது காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிப் பேசாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசலாம்.

அரைமணி நேரத்துக்கு ஒருமுறை நிமிர்ந்து, தலையைக் குனியாமல் தாடையைப் பின்னுக்கு இழுத்து, 5 நொடி வைத்திருந்து விடுங்கள். இப்படி 10 முறை. களை எடுக்கும் நாளில் வரப்பு ஏறும்போதும் செய்யலாம்.

வலி கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்துப்போனாலோ, பிடித்த களைக்கொத்து நழுவினாலோ, நடை தடுமாறினாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். 'சுளுக்கு எடுக்கிறேன்' என்று யாரும் கழுத்தைத் திருக விடாதீர்கள். நரம்புக்கே ஆபத்தாகிவிடலாம்.''