பரீக்ஷையும் பாட்டியும்

"பரீக்ஷை முடியட்டும்; வீட்டைப் பிறகு கவனிக்கலாம்" என்று இன்று பெற்றோர்களே தம் மக்களுக்குப் போதிக்கின்றனர். பாட்டிக்குத் தேக அசௌக்கியமென்றாலும் விடுதியிலுள்ள பிள்ளைக்குத் தெரிவிப்பதில்லை. தமக்கையின் விவாகத்திற்கு ஒரு நாள் வந்தாலும் படிப்புக் கெட்டதென்று வருந்துகின்றனர். இது விவேகமாகுமா?

1938-ம் வருஷத்தில் அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையார் தம் மாணவர்கள் 268 பேரின் வாழ்வை ஆராயத் தொடங்கினர். பிற்காலத்தில் ஜனாதிபதியான கென்னடியும் அவர்களில் ஒருவர். இது செல்வர் வீட்டு விஷயமென்று தள்ளிவிட முடியாது. பாஸ்டன் நகரத்து ஏழைக் குடும்பங்களில் பிறந்த 456 சிறுவர்களின் வாழ்வும் பின்னர் இதனுடன் சேர்க்கப்பட்டது. கேள்விகள் விடுத்தும், தேகத்தைப் பரிசோதித்தும் எண்பதாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து கண்ட முடிவு யாது? ஐம்பதாம் பிராயத்தில் உற்றாரோடு மனநிறைவாக வாழ்ந்தவர்களே எண்பதாம் பிராயத்தில் அதிக ஆரோக்கியத்துடன் இருந்தனர். முதுமையின் நலத்தை முன்னறிவதில் இரத்தத்திலுள்ள கொழுப்பின் அளவுகூட இதற்கு ஈடாகவில்லை.

கல்வியைக் கைவிடும்படி நாம் கூறவில்லை. ஏழைப் பிள்ளைக்குக் கல்வியே கைமுதல் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஐம்பதில் அநுபவிக்கும் உறவு ஐம்பதில் திடீரென முளைப்பதன்று; இளமையிலேயே பயிரிட்டு வளர்க்க வேண்டியது. பதினேழு வயதில் வீட்டாரை மறக்கப் பழக்கிவிட்டு, நம் முதுமையில் அவன் நம்மை நினைக்கவில்லையென்று புலம்புவது நியாயமன்று.

பெற்றோர்களே, பிள்ளை கேட்கும் அந்த ஒரு நாளை மறுக்காதீர்கள். பரீக்ஷை மறு வருஷமும் வரும், பாட்டி வருவாளா?