அன்று தடை... இன்று டிமாண்ட்! கலிஃபோர்னியா பள்ளிகளில் ஸ்பானிஷ் படும் பாடு

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சில அரசுப் பள்ளிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வயதுப் பிள்ளைகளுக்கு 90 சதவீதப் பாடம் ஸ்பானிஷில்தான். மேல் வகுப்பு போகப் போக ஆங்கிலம் கூடும். இதில் என்ன ஆச்சரியம் என்கிறீர்களா? 1998-ல் இதற்குக் கிட்டத்தட்ட தடையே போட்டார்கள்.

அந்த ஆண்டு மக்கள் வாக்கெடுப்பில் 'புரோபோசிஷன் 227' சுமார் 61 சதவீத ஆதரவுடன் நிறைவேறியது. வீட்டில் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைக்கும் ஆங்கிலத்திலேயே பாடம். வேண்டாம் என்றால் பெற்றோர் பள்ளிக்கு நேரில் போய் விலக்கு கேட்கணும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது சாதாரண விஷயமா? 2016-ல் 'புரோபோசிஷன் 58' இதை மாற்றியது. ஆதரவு 73 சதவீதம்!

காரணம், ஆங்கிலம் பேசும் பெற்றோருக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு மொழி தெரிந்தால் வேலைக்கு நல்லதாச்சே. மெக்சிகோ குடும்பத்துப் பிள்ளை பேசியபோது குறையாகத் தெரிந்த அதே ஸ்பானிஷ், இப்போது தகுதி.

பண்பாட்டுப் பாடம்தான் பரிதாபம். பல இடங்களில் மே 5 அன்று சோம்ப்ரேரோ தொப்பி, டாக்கோ, அவ்வளவுதான். அதை மெக்சிகோவின் சுதந்திர தினம் என்று நினைப்பவர்களும் உண்டு. உண்மையில் அது 1862-ல் புவெப்லாவில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த நாள். சுதந்திர தினம் செப்டம்பர் 16.

சரி, சொல்லிக்கொடுக்க ஆள்? அங்கேதான் இடிக்கிறது. 18 ஆண்டுகள் இருமொழி வகுப்புகள் சுருங்கியதால், அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்குப் பற்றாக்குறை. அன்று ஆங்கிலத்தில் மட்டுமே படித்த மெக்சிகோ குடும்பத்துப் பிள்ளைகள் இன்று ஆசிரியர் வயதில் இருக்கிறார்கள். வீட்டில் பாட்டியிடம் ஸ்பானிஷ் பேசுவது வேறு, அதில் பின்னக் கணக்கு நடத்துவது வேறு.