மின்கம்பியா, பேட்டரியா?

ஊரைவிட்டுத் தள்ளி, வயல் நடுவே வீடு கட்டுவோர் பலர் இன்று ஒரு கேள்வியோடு வங்கிக்கு வருகின்றனர்: மின் இணைப்புப் பெறுவதா, சூரியத் தகடும் பேட்டரியும் அமைத்துத் தனித்தே இயங்குவதா? மாதக் கட்டணம் இல்லை என்பது இரண்டாவதன் ஈர்ப்பு. ஆயினும், கம்பி எட்டும் தொலைவில் இருப்பின் இணைப்பைப் பெறுவதே சிக்கனம் என்பது என் கருத்து.

காரணம் தகட்டில் இல்லை, பேட்டரியில் இருக்கிறது. தகடுகள் பெரும்பாலும் 25 ஆண்டு உத்தரவாதத்துடன் வருகின்றன. ஈய அமில பேட்டரியோ நன்கு பேணினாலும் ஏறத்தாழ 5 ஆண்டுகளே உழைக்கும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றில் 1.8 யூனிட் அடங்கும். ஆயுள் குறையாதிருக்க நாள்தோறும் அதில் பாதியை மட்டுமே பயன்படுத்துவது நல்லது. அவ்வாறாயின் 5 ஆண்டுகளில் கிடைப்பது சுமார் 1,640 யூனிட். விலை 15,000 ரூபாய் என்று கொண்டால், பேட்டரிக்கு மட்டும் யூனிட்டுக்கு 9 ரூபாய் ஆகிறது. தகடு, இன்வெர்ட்டர், வட்டி ஆகியவை தனி. பகலில் நேரடியாகப் பயன்படுத்தும் மின்சாரத்திற்கு இச்செலவு இல்லைதான். ஆனால் விளக்கும் விசிறியும் பெரிதும் தேவைப்படுவது இரவில்.

மானியமும் இணைப்பின் பக்கமே நிற்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பிரதமரின் சூர்ய கர் திட்டம் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் வழங்குகிறது. மின் இணைப்புடன் சேர்ந்த கூரை அமைப்புகளுக்கே இது உரியது.

மின்வெட்டு மிகுந்த ஊரில் இணைப்பால் என்ன பயன் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. பேட்டரி இல்லாத கூரை அமைப்பு, கம்பியில் பணிபுரிவோரின் பாதுகாப்புக் கருதி, மின்வெட்டின்போது தானே நின்றுவிடும். இதை அறியாது வாங்குவோர் ஏமாற்றமடைகின்றனர். சில மணி நேர விளக்கு, விசிறிக்குப் போதுமான சிறு பேட்டரியே இதற்குத் தீர்வு. வீடு முழுவதையும் அதன்மேல் சுமத்த வேண்டியதில்லை.

கம்பி எட்டாத இடங்களின் நிலை வேறு. 2017-இல் வந்த சௌபாக்யா திட்டம்கூட, தொலைதூரத்து வீடுகளுக்கு 200 முதல் 300 வாட் வரையிலான சூரியத் தகட்டையும் பேட்டரியையுமே வகுத்தது. அங்கே தனித்து இயங்குவதே அறிவுடைமை.

ஆகவே, முடிவெடுக்குமுன் மின் பகிர்மான நிறுவனத்திடம் கம்பி நீட்டிப்புக்கான மதிப்பீட்டை எழுத்தில் பெறுங்கள். 15 ஆண்டுகளில் பேட்டரியை மும்முறை வாங்கும் செலவை அதனருகே வைத்துப் பாருங்கள். கடன் பெறுவதாயின், பேட்டரிக்குரிய பகுதியை 5 ஆண்டுகளுக்குள் தீர்க்கும்படி தவணையை அமைத்துக்கொள்ளுங்கள். உழைப்பு ஓய்ந்த பேட்டரிக்குத் தவணை செலுத்திக்கொண்டே புதியதற்கும் கடன் கேட்கும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம்.