கயிறு யார் கையில்?

யந்திரங்களை வாங்கிக் குவித்துவிட்டால் கைத்தொழில் தானே அபிவிருத்தியடைந்துவிடும் என்று நம் முதலாளிகளிற் பலர் எண்ணுவதாகத் தெரிகிறது. அவர்கள் ஜப்பான் தேசத்துச் சரித்திரத்தைச் சிறிது நோக்குவது நலம்.

தச்சர் ஒருவரின் புதல்வரான ஸகிசி டொயோடா 1924-ல் தானியங்கித் தறியொன்றைப் பூர்த்தி செய்தார். ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொள்ளும் தறி அது. ஆயினும் அதன் பெருமை வேகத்தில் மட்டும் இல்லை. பாவில் ஓரிழை அறுந்தாலும் தறி தானே நின்றுவிடும். பழுதான துணி மேலும் மேலும் நெய்யப்படுவதில்லை. இழையைக் காவல் காக்கத் தறிக்கொரு ஆள் கண்கொட்டாமல் நிற்க வேண்டியதுமில்லை. நம் நெசவாளர் வயிற்றில் அடித்த அதே லங்காஷயரைச் சேர்ந்த பிளாட் கம்பெனியார், 1929-ல் லக்ஷம் பவுனுக்கு உடன்படிக்கை செய்து இத்தறியின் உரிமையைப் பெற்றனர். தறி விற்றவர்கள் தறி கேட்டு வந்தார்கள்! இதை நம்மவர் அதிகம் பேசுவதில்லை.

பின்னர் அக்குடும்பத்தார் தொடங்கிய மோட்டார் தொழிற்சாலையிலும் இதே தத்துவம் அநுஷ்டிக்கப்பட்டது. பழுதைக் கண்ட தொழிலாளி எவனும் ஒரு கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் விசேஷமானது. கலிபோர்னியாவில் பிரிமாண்ட் என்னுமிடத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1982-ல் மூடிய தொழிற்சாலை, 1984-ல் டொயோடாவின் கூட்டுறவுடன் மறுபடி திறக்கப்பட்டது. தொழிலாளரில் பெரும்பாலோர் பழையவர்களே. கலகக்காரரென்று இகழப்பட்ட அவர்கள், கயிறு தங்கள் கைக்கு வந்ததும் தரத்திற் சிறந்த வண்டிகளைச் செய்து காட்டினர். அக்காலத்திலேயே அக்கம்பெனி வேறிடங்களில் யந்திர மனிதர்களுக்காகக் கோடிக்கணக்கான டாலரைக் கொட்டியும் அப்பலனைக் காணவில்லை. பிரிமாண்ட் தொழிற்சாலை பிற்பாடு டெஸ்லா கம்பெனியின் வசமாயிற்று. அளவுக்கு மிஞ்சி யந்திரங்களைப் புகுத்தியது தம்முடைய தவறே என்று அதன் தலைவர் எலான் மஸ்க் 2018-ல் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார்.

நம் நாட்டில் நிலைமை என்ன? மத்திய சர்க்கார் 2020-ல் அறிவித்த உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டம் விற்பனை எவ்வளவு பெருகிற்று என்று கணக்கிடுகிறது. பழுதைக் கண்டவன் யந்திரத்தை நிறுத்த உரிமையுண்டா, நிறுத்தினால் அவன் பிழைப்பு நிலைக்குமா என்பது அக்கணக்கில் இல்லை. அடுத்த மாதம் வேலை உண்டோ இல்லையோ என்றிருக்கும் ஒப்பந்தக் கூலியாள் எந்தத் தைரியத்தில் கயிற்றைத் தொடுவான்? புது யந்திரங்களைத் திறந்துவைக்க மந்திரிகளை அழைக்கும் முதலாளிகள், அந்த மேடையிலேயே இதற்கும் பதில் சொல்லட்டும்.