உள்ளங்கையில் ஒரு லாரி! பெரியவர்கள் பொம்மைக் கார் வாங்குவது ஏன்?

பொம்மை என்றால் அது குழந்தைக்கு. ஊர் அறிந்த விஷயம் இது. ஆனால் பொம்மைக் கார் வாங்கக் கடைக்கு வருகிறவர்களில் இன்று நரைத்த தலைகளும் உண்டு. வாங்கிய காரை இவர்கள் தரையில் உருட்டுவதில்லை. பலர் அட்டையைக்கூடப் பிரிப்பதில்லை. கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். பேரன் கை நீட்டினால், "தொடாதே!" என்கிறார்கள்.

இது என்ன கூத்து என்று வீட்டுப் பெண்கள் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. அரிசி, பருப்புக்கு உரிய பணமல்லவா போகிறது?

விடை தேட வெளிநாடு போக வேண்டாம். வட சென்னைக்கு வந்தால் போதும்.

எண்ணூரும் லிவர்பூலும்

1948-ம் ஆண்டில் ரகுநந்தன் சரண் என்பவர் 'அசோக் மோட்டார்ஸ்' கம்பெனியைத் தொடங்கினார். அசோக் என்பது அவருடைய மகனின் பெயர். அடுத்த ஆண்டு, இங்கிலாந்திலிருந்து பாகங்களை வரவழைத்து, எண்ணூரில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்ட ஆரம்பித்தார்கள். அதன் பிறகு லேலண்ட் 'காமெட்' லாரிகள் வந்தன. 1955-ல் கம்பெனியின் பெயரே அசோக் லேலண்ட் ஆயிற்று.

இதில் ஒரு விசேஷம் உண்டு. அதே 1949-ம் ஆண்டில், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரில், 'டிங்கி' என்ற பெயரில் பொம்மை செய்துவந்த மெக்கானோ கம்பெனி இரண்டு புதிய பொம்மைகளை விற்பனைக்கு விட்டது. ஒன்று, ஆஸ்டின் ஏ-40 டெவன் கார். மற்றொன்று, லேலண்ட் காமெட் லாரி! எண்ணூரில் ஆள் ஏறும் வண்டி. லிவர்பூலில் சட்டைப் பையில் போகும் வண்டி.

இன்று இவற்றில் எது எளிதில் கிடைக்கும்? பொம்மைதான். பாரம் சுமந்து தேய்ந்த லாரி காயலான் கடைக்குப் போய்விடும். அங்கே உடைத்து, எடை போட்டு விற்றுவிடுவார்கள். பொம்மையோ இங்கிலாந்து ஏலக்கடைகளில் இன்றும் கை மாறுகிறது.

லாரி ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர் அந்த லாரியைக் கொண்டுவந்து கூடத்தில் வைக்க முடியுமா? கைக்கு அடக்கமாக ஒன்று கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்கிறார். அவர் விலை கொடுப்பது உலோகத்துக்கு அல்ல, ஓட்டிய காலத்துக்கு.

கையில் கனம்

இந்தப் பொம்மைகளைத் தகரம் வளைத்துச் செய்வதில்லை. துத்தநாகத்தோடு சிறிது அலுமினியம் சேர்த்து உருக்கி, எஃகு அச்சுக்குள் வேகமாகச் செலுத்துகிறார்கள். கதவுக் கோடு, விளக்கு வளையம் எல்லாம் அப்படியே பதிந்துவிடும். கையில் எடுத்தால் கனம் தெரியும். பிளாஸ்டிக்கில் அந்தச் சுகம் ஏது?

கலவையில் ஈயம் கலந்தால் வந்தது வினை. சில ஆண்டுகளில் உலோகம் வெடித்து, மாவாக உதிரும். உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைகள் பல இப்படிப் போயின. வார்ப்படத் தொழில் தெரிந்த எண்ணூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

'மேட்ச்பாக்ஸ்' பொம்மை பிறந்த கதை இன்னும் ருசியானது. ஜாக் ஓடெல் என்ற ஆங்கிலேயரின் மகள் படித்த பள்ளியில் ஒரு விதி இருந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கும் பொம்மையைத்தான் கொண்டுவரலாம்! அப்பா, சாலை போடும் ரோலரைப் பித்தளையில் மிகச் சிறியதாகச் செய்து, தீப்பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தார். 1953 முதல் அந்த அளவுப் பொம்மைகள் கடைக்கு வந்தன.

ஆசையும் பேராசையும்

நினைவுக்காக வாங்குகிறவர் ஒன்றிரண்டோடு நிற்பார். வரிசை முழுவதும் வேண்டும் என்று தொடங்கியவருக்குத்தான் தூக்கம் போகிறது. பத்து வண்டி உள்ள வரிசையில் ஒன்பது இருந்தால், கண் அந்த ஒன்பதைப் பார்ப்பதில்லை.

கம்பெனிகளுக்கு இந்த ரகசியம் தெரியும். அமெரிக்காவின் மேட்டல் கம்பெனி 1968-ல் 'ஹாட் வீல்ஸ்' கார்களைக் கொண்டுவந்தது. 1995 முதல் சில கார்களைக் குறைவாகச் செய்து, சாதாரணக் கார்களோடு கலந்து பெட்டியில் போடுகிறது. அதற்குப் பெயரே புதையல் வேட்டை. கடைக்குப் பெட்டி வந்ததும் பெரியவர்கள் முந்திக்கொண்டு கிளறுவது இதற்காகத்தான். பாவம், பிள்ளைகளுக்கு மிச்சம்தான்.

1969-ல் மேட்டல் ஒரு வேன் செய்து பார்த்தது. அகலம் போதாமல் அது கவிழ்ந்தது. வேண்டாம் என்று வடிவத்தை மாற்றிவிட்டார்கள். அந்தத் தோல்வி வேனில் இளஞ்சிவப்பு நிறத்தது ஒன்றுக்கு இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் மதிப்புச் சொல்கிறார்கள்!

இந்தக் கதையைக் கேட்டு, லாபம் வரும் என்று சம்பளப் பணத்தைக் கொட்டுவது அசட்டுத்தனம். பழைய பொம்மை அருமையானதற்குக் காரணம், அன்றைய பிள்ளைகள் விளையாடி உடைத்ததே. இன்று எல்லோரும் அட்டை பிரிக்காமல் பூட்டி வைத்தால் அருமை எங்கிருந்து வரும்?

வரியும் ஒரு காரணம். வெளிநாட்டுப் பொம்மைக்குச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆயிற்று. 2023-ல் 70 ஆயிற்று. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கட்டாயம். உள்நாட்டுத் தொழில் வளர இது உதவும். ஆனால் விலை ஏறும் என்ற பயம் சேகரிப்பவரை இன்னும் அவசரமாக வாங்க வைக்கிறது.

திருவொற்றியூர் புல்லட்

எண்ணூருக்குத் தெற்கே திருவொற்றியூர். 1955-ல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி தொடங்கி, புல்லட் மோட்டார் சைக்கிள் இங்கே தயாரானது. இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி மூடிப்போனது. பிள்ளை பிழைத்துக்கொண்டது.

2022-ல் ராயல் என்ஃபீல்டு கம்பெனியே தனது 'கிளாசிக்' வண்டியை மூன்றில் ஒரு பங்கு அளவில், கைவேலையாகச் செய்து விற்றது. எடை எட்டு கிலோவுக்கு மேல். விலை 67,990 ரூபாய்! அந்தப் பணத்துக்கு, ஓடுகிற பழைய மோட்டார் சைக்கிளே பேசி வாங்கலாம். வாங்குகிறவருக்கும் அது தெரியும். அவருக்கு வேண்டியது ஓடுகிற வண்டியல்ல.

புல்லட்டைப் பூட்டிய தொழிலாளி ஒருவரின் கை வழியாக ஆயிரக்கணக்கான வண்டிகள் வெளியே போயிருக்கும். ஓய்வு பெறும்போது அவர் ஒரு திருகாணியைக்கூட எடுத்துப் போக முடியாது. 67,990 ரூபாய்ப் பொம்மை அவருக்கு ஆகாது. சில நூறு ரூபாயில், கைக்கு அடக்கமாக ஒரு புல்லட் கிடைத்தால், அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவருவதில் வியப்பு இல்லை.