பட்டுச் சட்டையும் பகடைக் காயும்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் அவள் பிள்ளையும் நாலு சிநேகிதர்களும் வட்டமாக உட்கார்ந்து பகடை உருட்டிக் கொண்டிருந்தார்கள். தாயம் அல்ல. 'கால் ஆஃப் கதுலு' என்று 1981-ல் அமெரிக்காவில் வெளியான வேஷ விளையாட்டு. ஒருவன் கதையை நடத்துவான். மற்றவர்கள் 1920-களில் வாழ்ந்த துப்பறிவாளராகவோ பத்திரிகைக்காரராகவோ தங்களைப் பாவித்துக் கொள்வார்கள். பிழைப்பதும் சாவதும் பகடையின் கையில்!

நான் போன சமயம் பெரிய வழக்கு. "என் ஆள் பட்டிலே கவசம் போட்டிருக்கிறான், குண்டு துளைக்காது" என்கிறான் அக்கா பிள்ளை. "பட்டாவது, குண்டைத் தடுக்கிறதாவது!" என்று மற்றவர்கள் சிரிக்கிறார்கள்.

"நீயே சொல்லு, சித்தி!"

பையன் சொன்னது பொய்யல்ல. நாம் பீரோவில் மடித்து வைத்திருக்கிறோமே, அந்தப் பட்டு லேசுப்பட்டதல்ல. 1881-ல் அமெரிக்காவில், அரிசோனாவைச் சேர்ந்த டூம்ஸ்டோன் என்ற ஊரில் சார்லி ஸ்டார்ம்ஸ் என்ற சூதாடி சுடப்பட்டு இறந்தான். காயத்தைச் சோதித்த டாக்டர் குட்ஃபெல்லோ உள்ளேயிருந்து ஒரு பட்டுக் கைக்குட்டையை இழுத்தார். அதற்குள்ளே குண்டு!  ஆனால், ஆள் போய்விட்டான், பார்த்தீர்களா?

1893-ல் சிகாகோ மேயர் கார்ட்டர் ஹாரிசன் தம் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நகரில் இருந்த காஸிமிர் ஜெக்லென் என்ற போலந்துத் துறவியின் மனத்தை அது உறுத்தியது. பட்டு நூலை நெருக்கமாக, கனமாக நெய்து மார்க்கவசம் செய்து, 1897-ல் பேடண்ட் வாங்கினார். உயிரைக் காக்க ஒரு சந்நியாசி தறியைத் தேடிப் போனார் என்பது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

ஆனால், மெதுவாக வரும் கைத்துப்பாக்கிக் குண்டுக்குத்தான் அந்தக் கவசம். ராணுவ ரைபிளுக்கு முன்னால் நிற்காது. கழுத்தும் முகமும் வேறு திறந்த வாசல். 1914-ல் ஸரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டுக்குக் குண்டு பட்டது கழுத்தில்தான்.

"சரி, எதிராளி கையில் என்ன துப்பாக்கி?" என்று கேட்டேன்.

"குழலை அறுத்த இரட்டைக் குழல் துப்பாக்கி" என்றான் கதை நடத்துகிறவன்.

அப்படிக் குழலை அறுப்பது முக்கியமாகக் கோட்டுக்குள் மறைத்துக் கொள்ளத்தான். குழல் குட்டையானால் ரவையும் சீக்கிரம் சிதறும். ஒன்று கவசத்தில் பட்டால் இன்னொன்று தாடையில்! 18 அங்குலத்துக்குக் குறைந்த குழல் என்றால் பதிவு செய்ய வேண்டும், கைமாறினால் 200 டாலர் வரி என்று அமெரிக்க மத்திய சட்டம் வந்தது 1934-ல். இவர்கள் கதை நடப்பதோ 1926-ல். ஆகவே, அந்தச் சட்டத்தைக் காட்டியும் பையனைக் காப்பாற்ற வழியில்லை.

"ரிவால்வர் என்றால் பிழைக்க விடு, விலா எலும்பு ஒன்று முறியட்டும். இதற்குப் பகடையை உருட்டத்தான் வேண்டும்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

உருட்டினார்கள். ஆள் காலி.

அக்கா அடை கொண்டு வந்து வைக்கும் வரையில் பிள்ளையாண்டான் என்னோடு பேசவில்லை.